1905ஆம் ஆண்டுப் பரிசுப் புத்தகம்: என்ன விலை பெறும், கதைகளில் எவ்வளவு உண்மை?

நியூ ஜெர்சியில் ஒரு நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் 3 டாலர் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள். குஸ்டாவ் கோபே எழுதிய 'தி லவ்ஸ் ஆஃப் கிரேட் கம்போசர்ஸ்', நியூயார்க், 1905. மொசார்ட், பீத்தோவன், ஷோப்பன் போன்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களின் காதல், கல்யாண வாழ்க்கையைச் சொல்வது. முதல் வெற்றுத்தாளில் யாரோ யாருக்கோ 'கிறிஸ்துமஸ் 1907' என்று மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "இது அரிய புத்தகமா, என்ன விலைக்குப் போகும்?" என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. மகளுக்கு ஒன்பது வருஷம் பியானோ சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஓய்வு பெறுகிறார். அவருக்கு இதைக் கொடுக்கலாமா, உள்ளே தப்பும் தவறுமாக இருந்து அவர் மனசுக்குள் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கவலை. ஆகவே விலையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, அந்தக் கவலைக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பாஸ்டன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் பதினேழு வருஷம் வேலை பார்த்தேன். இசைப் புத்தகங்களும் பழைய இசைத்தாள்களும் என் அலமாரி. நாற்பது வயதுக்கு மேல் பியானோவும் கற்றுக்கொண்டேன், சுமாராக. சான்றிதழ் பெற்ற மதிப்பீட்டாளர் இல்லை. நீங்கள் போட்ட இரண்டு படங்களை வைத்துத்தான் பேசுகிறேன். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

விலை விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றத்தான் போகிறேன். பழையது என்றால் விலை உயர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1900ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் அச்சடித்த பரிசுப் புத்தகங்கள் ஏராளம். பரிசாகப் பெற்றவர்கள் அவற்றைப் பத்திரமாக வைத்தார்கள், அதிகம் படிக்கவில்லை, அதனால் நிறைய பிழைத்துக் கிடக்கின்றன. இந்த உரை பதிப்புரிமைக் காலம் தாண்டியது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். என் அனுபவத்தில் இந்த மாதிரிப் புத்தகம், அட்டை நன்றாக இருந்தால், பத்து இருபது டாலரைத் தாண்டுவது அபூர்வம். யாராவது நூறு டாலர் போட்டு விற்பனைக்கு வைத்திருந்தால் அது அவருடைய ஆசை, சந்தை விலை இல்லை. போட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். மூன்று டாலருக்கு உங்களுக்கு நஷ்டமில்லை, அவ்வளவுதான்.

சரி, இது முதல் பதிப்பா? தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 1905 செப்டம்பர் வெளியீடு என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் வைத்து முதல் அச்சு என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் எழுத்துக்களைக் கோத்த பிறகு மெழுகில் அச்சு எடுத்து, அதன் மேல் கிராஃபைட் தூள் தடவி, மின்சாரம் வழியாகச் செம்பு படியவைத்து, பின்னால் ஈயக் கலவை ஊற்றித் தகடு செய்துவிடுவார்கள். எலெக்ட்ரோடைப் என்பது அதுதான். கோத்த எழுத்துக்களைக் கலைத்து வேறு வேலைக்குப் போய்விடலாம். தகடுகள் கிடங்கில் தூங்கும். கேட்பு வரும்போதெல்லாம் எடுத்து மறுபடி அச்சடிப்பார்கள். தகட்டில் 1905 என்று இருந்தால் 1909இல் அடித்த பிரதியிலும் 1905தான் இருக்கும். உங்கள் பிரதியில் இருக்கும் 'கிறிஸ்துமஸ் 1907' ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறது: அந்தப் பண்டிகைக்குள் அச்சாகிவிட்டது. 1905க்கும் 1907க்கும் நடுவே எப்போது என்பதைத் தாள், துணி, அட்டை முத்திரை ஆகியவற்றை வேறு பிரதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஊகிக்க முடியும். இருபது டாலர் புத்தகத்துக்கு அந்த ஆராய்ச்சி தேவையா என்பது வேறு கேள்வி.

செப்டம்பர் என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் இல்லை. பரிசுப் புத்தகம் செப்டம்பரில் கடைக்கு வந்தால்தான் டிசம்பருக்குள் ஊர் ஊராகப் போய்ச் சேரும். வெளியிட்ட தாமஸ் ஒய். குரோவெல் நிறுவனத்துக்கு இந்த வியாபாரம் அத்துபடி. அதைத் தொடங்கியவரே புத்தகம் கட்டும் பட்டறையிலிருந்து வந்தவர், அதனால் அட்டைக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிந்தவர். கவிதைத் தொகுப்புகளைப் பல தரத்தில், பல விலையில் கட்டி விற்ற நிறுவனம் அது. மேல் விளிம்பில் பொன்பூச்சு இருந்தால் அது வெறும் பகட்டு இல்லை. தூசி மேலிருந்துதானே விழும்? பொன் பூசிய விளிம்பை ஒரு துணியால் துடைத்துவிடலாம்.

பதிப்புரிமை வரியில் இன்னொரு பெயரும் இருப்பதைப் பார்த்து நீங்கள் குழம்பியிருப்பீர்கள்: பட்டரிக் நிறுவனம். ஆமாம், தையல்காரர்களுக்குத் தெரிந்த அதே பட்டரிக்தான். அளவு வாரியாக வெட்டிய காகிதத் தையல் மாதிரிகளை 1863இல் கொண்டுவந்தவர் எபனேசர் பட்டரிக். அந்த நிறுவனம் 'தி டிலினியேட்டர்' என்ற பெண்கள் பத்திரிகையும் நடத்தியது. பதிப்புரிமை பட்டரிக் பெயரில் இருப்பதால் இந்தக் கட்டுரைகள் முதலில் பத்திரிகைக்காக எழுதப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளலாம். இது என் ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். இது தெரிந்தால் புத்தகத்தின் தொனி புரிந்துவிடும். பாவாடை மாதிரிக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே, ஒரு மத்தியான நேரத்தில் படித்து முடிக்கவேண்டிய கதைகள். காதல் இருக்கவேண்டும், கண்ணீர் கொஞ்சம் இருக்கவேண்டும், அசிங்கம் இருக்கக் கூடாது.

அதற்காகக் கோபேயைப் பத்திரிகைக்குக் கதை கட்டும் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1857இல் நியூயார்க்கில் பிறந்தவர், ஜெர்மனியின் வீஸ்பாடனில் பியானோ கற்றவர், கொலம்பியாவில் சட்டம் படித்தவர். 1882இல் வாக்னரின் 'பார்சிஃபால்' என்ற ஆப்பரா (பாட்டு நாடகம்) முதன்முறை மேடையேறியபோது நியூயார்க் பத்திரிகையின் செய்தியாளராக, வாக்னர் விழா நடக்கும் ஜெர்மன் ஊரான பைராய்ட்டுக்கே போனவர். அப்புறம் நெடுங்காலம் 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையில் இசை விமர்சகர். ஆப்பராக் கதைகளைத் தொகுத்த அவருடைய பெரிய புத்தகம் அவர் இறந்தபின் 1919இல் வந்தது. இன்றும் ஆப்பரா ரசிகர்கள் அதை 'கோபே' என்று ஆசிரியர் பெயராலேயே சொல்கிறார்கள். உங்கள் ஆசிரியைக்கு அந்தப் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும். அவர் இறந்த விதம் நம்பவே கடினமானது. 1918 ஜூலையில் லாங் ஐலண்ட் கடலோரத்தில் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். தரையிறங்கப் பார்த்த கடல் விமானம் ஒன்று படகின் மேல் மோதிவிட்டது.

இனி உண்மை, பொய் விவகாரம். இந்தப் புத்தகத்தைப் படிக்க ஒரே ஒரு விதி போதும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் 'இதற்கான ஆதாரம் எந்த வருஷம் வெளியே வந்தது?' என்று கேளுங்கள். 1905க்கு முன் வந்திருந்தால் கோபே பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருப்பார். அதற்குப் பின் வந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் ஏமாற்றவில்லை, அவருடைய மேஜைக்கு அந்தக் காகிதம் வந்து சேரவில்லை.

இதற்குச் சரியான உதாரணம் பீத்தோவன். அவர் 1827 மார்ச்சில் இறந்தபின் அவருடைய மேஜையில் ஒரு காதல் கடிதம் கிடைத்தது. ஜூலை 6, 7 என்று தேதி இருக்கிறது, வருஷம் இல்லை, ஊர் இல்லை, பெண்ணின் பெயரும் இல்லை. 'அழியாக் காதலி' என்று மட்டும் அழைக்கிறார். அவரிடம் செயலாளராக இருந்த ஷிண்ட்லர் 1840இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதை வெளியிட்டு, அந்தப் பெண் ஜூலியெட்டா குயிச்சார்டி என்றார். 'மூன்லைட்' என்று நாம் சொல்லும் பியானோ சோனாட்டாவைப் பீத்தோவன் காணிக்கையாக்கியது அவருக்குத்தான், கதைக்கு நன்றாகப் பொருந்தியது. (ஷிண்ட்லரை நம்புவதில் ஒரு சிக்கல். காது கேளாத பீத்தோவன் மற்றவர்களோடு பேச வைத்திருந்த உரையாடல் ஏடுகளில், பீத்தோவன் இறந்தபிறகு தானே வரிகளைச் செருகினார் என்பது 1977இல் அம்பலமானது.) 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அறிஞர்கள் பலர் ஜூலியெட்டாவை விட்டுவிட்டு தெரேசா பிரன்ஸ்விக் பக்கம் சாய்ந்தார்கள். பீத்தோவனிடம் தெரேசாவின் உருவப்படம் இருந்தது, 'அரிய மேதைக்கு, பெரிய கலைஞனுக்கு, நல்ல மனிதனுக்கு' என்ற பொருளில் அதில் எழுதியும் இருந்தது. கோபேயும் தெரேசா பக்கம்தான். 1905இல் படித்தவர்கள் கொண்டிருந்த கருத்து அது, அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு என்ன ஆனது? கடிதத்தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, அந்த நாட்களின் தபால் வண்டி விவரம், உடல்நலத்துக்காகப் போகும் குளியல் ஊர்களில் வந்து தங்கியவர்களின் பதிவேடு எல்லாவற்றையும் வைத்து, அது 1812இல் பொகீமியாவின் (இன்றைய செக் நாடு) டெப்லிட்ஸ் ஊரில் எழுதியது என்று நிலைநாட்டினார்கள். இது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. யார் அந்தப் பெண் என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. பீத்தோவன் வரலாற்றை எழுதிய மேனார்ட் சாலமன் 1970களில் அந்தோனி பிரெண்டானோ என்று வாதாடினார், பலர் ஏற்றார்கள். இன்னொரு கட்சி, தெரேசாவின் தங்கை ஜோசஃபின் என்கிறது. 1957இல் பீத்தோவன் ஜோசஃபினுக்கு எழுதிய பதின்மூன்று கடிதங்கள் அச்சாயின, உருக்கமான கடிதங்கள், ஆனால் அவை 1812க்குச் சில வருஷம் முந்தியவை. எனக்கு ஜோசஃபின் பக்கம் ஒரு சாய்வு உண்டு, பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படியானால் கோபே சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறார், அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். ஆகவே இந்த அத்தியாயத்தைத் 'தவறு' என்று ஒரே சொல்லில் ஒதுக்காதீர்கள். தெரேசாதான் என்ற முடிவை விட்டுவிடுங்கள், கடிதத்தைப் பற்றிச் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள்.

மொசார்ட் அத்தியாயத்தில் அடிப்படை உண்மைகளில் சிக்கல் இல்லை. முதலில் அக்கா அலோய்சியாவை விரும்பினார், அவர் மறுத்தார், பிறகு தங்கை கான்ஸ்டன்ஸை 1782 ஆகஸ்ட் 4 அன்று வியன்னாவின் புனித ஸ்டீஃபன் பேராலயத்தில் மணந்தார். அப்பாவின் சம்மதக் கடிதம் கல்யாணத்துக்கு மறுநாள் வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் அவருடைய ஓர் ஆப்பரா அரங்கேறியது, அதன் நாயகி பெயரும் கான்ஸ்டன்ஸ். இப்படியெல்லாம் நிஜமே கதை மாதிரி இருக்கும்போது கோபேக்கு என்ன வேலை? இந்தக் காலப் புத்தகங்களில் நீங்கள் சந்தேகிக்கவேண்டியது இரண்டு இடங்கள். ஒன்று, அடக்கத்தன்று புயலடித்தது, நண்பர்கள் பாதி வழியில் திரும்பினார்கள், பிச்சைக்காரர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள் என்பது. 1791 டிசம்பர் வியன்னா வானிலைக் குறிப்புகள் அன்று மிதமான நாள் என்கின்றன. அவரைப் புதைத்தது, இரண்டாம் ஜோசஃப் பேரரசர் போட்ட விதிப்படி சாதாரண நகரவாசிகள் எல்லோருக்கும் கிடைத்த எளிய குழியில். பிச்சைக்காரர் குழி என்பது பிற்காலக் கற்பனை. இரண்டாவது, கான்ஸ்டன்ஸ் விளையாட்டுப் பிள்ளை, வீடு நடத்தத் தெரியாதவர் என்ற பேச்சு. விதவையான பிறகு அவர் பேரரசரிடம் ஓய்வூதியம் பெற்றார், கச்சேரிகள் நடத்தினார், கையெழுத்துப் பிரதிகளை ஆந்த்ரே என்ற பதிப்பாளருக்கு நல்ல முறையில் விற்றார், இரண்டாவது கணவர் நிசன் தொடங்கிய மொசார்ட் வாழ்க்கை வரலாற்றை, அவரும் இறந்தபின் 1828இல் வெளிக்கொண்டுவந்தார். வீடு நடத்தத் தெரியாதவர் செய்யும் வேலையா இது?

மெண்டல்சோன் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1837இல் பிராங்க்பர்ட்டில் செசில் ஷான்ரெனோவை மணந்தார், ஐந்து குழந்தைகள், அமைதியான வீடு. கதை எழுதுகிறவனுக்குச் சலிப்பூட்டும் நல்ல கல்யாணம்.

ஷோப்பன் அத்தியாயம்தான் உங்கள் ஆசிரியையின் புருவத்தை உயர்த்தும். ஷோப்பன் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் ஜார்ஜ் சாண்ட், ஆண் பெயரில் எழுதிய பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர். 1838 முதல் 1847 வரை அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஷோப்பன் எழுதிய பெரிய படைப்புகள் பல அந்தக் காலத்தவை. ஆனால் இந்தப் புத்தகத்தில் அத்தியாயத் தலைப்பு 'ஷோப்பனும் சீமாட்டி டெல்ஃபின் பொட்டோட்ஸ்காவும்'. காரணம் ஊகிக்கக் கூடியதே. கால்சட்டை போட்டுச் சுருட்டுப் பிடித்த சாண்டைவிட, மரணப் படுக்கையருகே பாடிய சீமாட்டி கிறிஸ்துமஸ் புத்தகத்துக்கு ஏற்றவர். அவர் பாடியது நிஜம். 1849 அக்டோபர் 17 அன்று ஷோப்பன் இறந்தார், அதற்கு ஓரிரு நாள் முன் நீஸிலிருந்து வந்த பொட்டோட்ஸ்கா அவர் கேட்டுக்கொண்டபடி பாடினார். என்ன பாடினார் என்பதில் சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: ஸ்ட்ராடெல்லா, மார்செல்லோ, பெல்லினி. பாரிஸின் பெரிய வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்த அறையில் வந்து மயங்கி விழுவதைக் கடமையாக நினைத்தார்கள் என்று பாடகி பாலின் வியார்டோ அப்போதே கிண்டலாக எழுதினார். பாடும் காட்சியைப் பாரியாஸ் என்பவர் 1885இல் ஓவியமாக்கினார், அதன் பிரதிகள் பியானோ இருந்த வீடுகளில் எல்லாம் தொங்கின.

பொட்டோட்ஸ்காவோடு காதல் இருந்ததா? நட்பு உறுதி. எஃப் மைனர் கான்செர்ட்டோவையும் (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது), 'மினிட்' வால்ட்ஸ் என்ற சிறு பியானோ இசையையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அதற்கு மேல் உறுதியான ஆதாரம் கிடையாது. 1945இல் போலந்தில் பவுலினா செர்னிட்ஸ்கா என்பவர் ஷோப்பன் பொட்டோட்ஸ்காவுக்கு எழுதிய பச்சையான காதல் கடிதங்கள் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். மூலத்தை எவருக்கும் காட்டவில்லை. இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அவற்றைப் போலி என்றே கருதுகிறார்கள். 1905இல் கோபே தொட்டுப் பார்த்தது ஓவியத்தின் பனிமூட்டக் காதலை மட்டும். இணையத்தில் நீங்கள் தேடினால் அந்தப் போலிக் கடிதங்களும் கண்ணில் படலாம். இந்த ஒரு விஷயத்தில் இணையத்தைவிட உங்கள் பழைய புத்தகம் நம்பகமானது என்பேன்.

உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து தலைப்புகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். மொசார்ட்டும் அவருடைய கான்ஸ்டன்ஸும், மெண்டல்சோனும் அவருடைய செசிலும், லிஸ்ட்டும் அவருடைய கரோலினும். ஷோப்பன் தலைப்பில் அந்த 'அவருடைய' இல்லை, அடுத்து எங்கே இல்லை தெரியுமா? 'ஷூமான் தம்பதியர்: ராபர்ட்டும் கிளாராவும்' என்ற இடத்தில். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, கிளாரா யாருடைய உடைமையும் இல்லை என்று கோபேயின் பேனாவுக்குத் தெரிந்திருக்கிறது. பதினாறு வயதில் தான் எழுதிய கான்செர்ட்டோவை லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் கச்சேரி அரங்கில் வாசித்த பியானோ கலைஞர் அவர், மெண்டல்சோன் வாத்தியக் குழுவை நடத்தினார். அப்பா வீக் கல்யாணத்தை எதிர்த்ததால் நீதிமன்றம் போய் அனுமதி பெற்று, 1840 செப்டம்பர் 12இல், தன் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் ராபர்ட்டை மணந்தார். எட்டுக் குழந்தைகள். 1854இல் ராபர்ட் ரைன் நதியில் குதித்தார், காப்பாற்றி எண்டனிக் மனநல விடுதியில் சேர்த்தார்கள், இரண்டு வருஷத்துக்கு மேல் கிளாராவைப் பார்க்க விடவில்லை, சாவதற்கு இரண்டு நாள் முன்புதான் அனுமதித்தார்கள். இதெல்லாம் 1905இலேயே பொதுவாகத் தெரிந்தது. எண்டனிக் மருத்துவரின் அன்றாடக் குறிப்புகள் முழுமையாக அச்சானது 2006இல். அதனால் நோயைப் பற்றி எந்தப் பழைய புத்தகம் என்ன சொன்னாலும் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள்.

லிஸ்ட், கரோலின் இளவரசி கதையில் நாடகத்துக்குக் குறைவே இல்லை. 1861 அக்டோபர் 22, லிஸ்ட்டின் ஐம்பதாவது பிறந்தநாள், ரோமில் கல்யாணம் ஏற்பாடாகிவிட்டது, முந்தைய இரவு நிறுத்தப்பட்டது. நிறுத்தியது யார், எப்படி என்பதற்கான வத்திக்கான் ஆவணங்களை, லிஸ்ட் வரலாற்றை எழுதிய ஆலன் வாக்கரும் இன்னொருவரும் 1991இல்தான் வெளியிட்டார்கள். ஆகவே நடந்ததற்குக் கோபேயை நம்பலாம், ஏன் நடந்தது என்பதற்கு வேண்டாம். லிஸ்ட்டின் மூன்று குழந்தைகளுக்கும் தாய் மரீ தகூல்ட் என்ற இன்னொரு சீமாட்டி, அவருக்கு அத்தியாயத் தலைப்பில் இடமில்லை.

அந்த மூவரில் ஒருவர்தான் கடைசி அத்தியாயத்தின் கோசிமா, பிற்பாடு வாக்னரின் மனைவியானவர். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், சொன்ன விஷயத்துக்காக இல்லை, சொல்ல முடியாமல் போனதற்காக. 1905இல் கோசிமா உயிரோடு இருக்கிறார், பைராய்ட் விழாவைத் தானே நடத்திக்கொண்டிருக்கிறார். 'பார்சிஃபால்' பைராய்ட்டுக்கு வெளியே போகவே கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தபோது, 1903 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அதை மேடையேற்றிவிட்டது. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர் அந்த அம்மாவின் காதலைப் பற்றி எழுதும்போது பேனா எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்திருக்கும் என்று யோசியுங்கள். கோசிமா முதலில் வாக்னரின் சிஷ்யர் ஹான்ஸ் ஃபான் பியூலோவின் மனைவி. அந்தக் கல்யாணம் நீடித்தபோதே 1865இல் இசோல்டே பிறந்தாள். அவள் யார் மகள் என்ற வழக்கு 1914இல் நீதிமன்றம் வரை வந்து நாறியது. வாக்னரின் சுயசரிதை பொதுவில் வந்தது 1911இல். கோசிமா 1869 முதல் வாக்னர் இறக்கும் வரை எழுதிய நாட்குறிப்பு அச்சானது 1976, 77இல். கோபே கையில் இதில் ஒன்றும் இல்லை.

ஆனால் 1870 டிசம்பர் 25 காலைக் கதை உண்மையானது. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் அருகே ட்ரிப்ஷன் வீட்டின் மாடிப்படியில் வாக்னர் சிறு வாத்தியக் குழுவை நிறுத்தினார், கோசிமாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது ஒரு புது இசை. பிறந்தநாள் பரிசு. இன்று 'சீக்ஃப்ரீட் ஐடில்' என்று எல்லா மேடையிலும் கேட்கிறோம். அது வீட்டுக்கு மட்டும் என்று வைத்திருந்த இசை. கடன் கழுத்தை நெரித்ததால் வாக்னர் அதைப் பதிப்பாளருக்கு விற்றார், 1878இல் அச்சாகி ஊர்ச்சொத்தானது, கோசிமாவுக்கு அதில் பெரிய வருத்தம். பெயர் எழுதிய பரிசுப் புத்தகங்கள் கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வரும். 1907இல் யாரோ ஒருவர் ஆசையாக எழுதிக் கொடுத்தது, உங்கள் கைக்கு 3 டாலரில் வந்திருக்கிறது.

யாரெல்லாம் இதில் இல்லை என்பதையும் பாருங்கள். பாக்கின் வீடு முழுக்கக் குழந்தைகள், ஹைடனுக்கு மனைவியோடு ஒத்துப்போகவில்லை, ஹேண்டல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இவர்களை வைத்து எந்தக் கிறிஸ்துமஸ் புத்தகம் போடுவது?

ஆகவே ஆசிரியைக்குக் கொடுங்கள், தாராளமாக. அவர் சிரித்தால் அது உங்களைப் பார்த்து இருக்காது, 1905ஐப் பார்த்து இருக்கும். கொடுக்கும் முன் சில வேலைகள். படப் பக்கங்களை நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸால் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் ஹாஃப்டோன், பொடித்தூள் மாதிரி தெரிந்தால் ஃபோட்டோகிராவ்யூர்; இரண்டும் படம் அச்சடிக்கும் முறைகள். விலை மாறாது, ஆசிரியைக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும். ஹாஃப்டோன் படங்களை வழவழப்பான பூச்சுத்தாளில் அடிப்பார்கள், ஈரம் பட்டால் பக்கத்துத் தாளோடு ஒட்டிப் பிய்ந்துவிடும், ஈரத்துணி கொண்டு போகாதீர்கள். படத்தின் மேல் மெல்லிய தாள் இருந்து அது பழுப்பேறியிருந்தால் அப்படியே விடுங்கள். முதுகுப்பகுதி லேசாக விட்டிருந்தாலும் செலோடேப் ஒட்டவே கூடாது. நான் தூக்கிப்போட்ட புத்தகங்களில் பாதி, யாரோ அன்போடு டேப் ஒட்டியவை. தாள் மரக்கூழ்த்தாள், அமிலம் உள்ளது, மஞ்சளாவதை நிறுத்த முடியாது. வெயிலும் ஹீட்டர் காற்றும் நேரே படாமல் வைத்தால் மெதுவாக ஆகும்.

1907ஆம் ஆண்டு எழுத்தை அழிக்கவோ அந்தத் தாளைக் கிழிக்கவோ யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். மகளை விட்டே அதற்குக் கீழே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்: தேதி, பெயர், ஒரு வரி போதும். பேனா மை அந்தத் தாளில் ஊறிப் பரவும். அப்புறம் பீத்தோவன் அத்தியாயத்தில், தெரேசா பெயர் முதலில் வரும் பக்கத்தில், ஒரு சிறு வெள்ளைத் தாள் செருகி வையுங்கள். '1812, டெப்லிட்ஸ். ஜோசஃபினா, அந்தோனியா? உங்கள் கருத்து?' என்று மட்டும் அதில் எழுதுங்கள். ஒட்டும் மஞ்சள் சீட்டு வேண்டாம், பசை தங்கிவிடும்.